அவள் கேட்ட ஏழு மீன்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். உன் அம்மாவும் நலமே, அவளுடைய வலது முழங்கால் மட்டும் இக்கூற்றுக்கு உடன்படவில்லை. அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாயிருக்க வேண்டும். உன் கடிதமும், அதனுடன் குழந்தை தன் கையால் எழுதிய மீன் பட்டியலும் கிடைத்தன. தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போகும் என்பதால் எழுத்திலேயே பதில் தருகிறேன். உன் பரபரப்பு எனக்குப் புரிகிறது. மாப்பிள்ளையின் மகள், தாயை இழந்த பெண். நீ அவ்வீட்டுக்குப் போய் ஐந்து மாதமாகியும் “ம்”, “வேணாம்” என்ற இரண்டைத் தாண்டிப் பேசாதவள், இப்போதுதான் உன்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அதனால் ஏழையும் இந்தச் சனிக்கிழமையே வாங்கிவிடத் துடிக்கிறாய். வேண்டாம். ஏழும் ஒரு தொட்டிக்குள் போனால் மாதம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக மிதக்கும். வாங்கித் தந்தவள் நீ என்பதை அவள் மறக்கமாட்டாள்.

பட்டியலை வரிவரியாகப் பரிசீலித்தேன். தங்கமீன் குளிர்ந்த நீருக்கு உரியது, அழுக்கும் அதிகம் சேர்ப்பது. மற்றவை வெதுவெதுப்பு கேட்பவை. ஃபைட்டர் மீனுக்குப் பெயரே வாக்குமூலம். நீள வால் கப்பியைக் கண்டால் பகையாளி என்று பாயும். கப்பி சாதுதான், ஆனால் இப்போது கடைகளில் கிடைப்பவை நோஞ்சான்கள். டைகர் பார்ப், ஏஞ்சல் மீனின் தொங்கும் துடுப்பைக் கடித்துக் கந்தலாக்கும். ஏஞ்சல் தன் பங்குக்கு வளர்ந்தபின் நியானை விழுங்கும். நியானோ புதுத் தொட்டியைத் தாங்காது. ஆக ஆறு தள்ளுபடி. தேறுவது சிவப்பு பிளாட்டி ஒன்றே. இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். என் வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் காத்திருக்கும் அறைக்கு ஒரு தொட்டி வாங்கியபோது, கடைக்காரர், “எல்லாம் சாது சார், ஒண்ணை ஒண்ணு கண்டுக்காது” என்றார். ஒன்பது மீன்கள், எல்லாம் கட்டைவிரல் அளவு. அவற்றுள் ஒன்று ஆஸ்கர் என்னும் இனம். எட்டு மாதத்தில் அது என் உள்ளங்கையைவிடப் பெரிதாயிற்று, மற்ற எட்டும் இல்லை. என் குமாஸ்தா, அறை நிறைய ஆள் இருக்கையில், “மத்தவங்க எல்லாம் கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க சார்” என்று அறிவித்தார். உன் அம்மாவோ, கையெழுத்துப் போட வர்றவங்க வயசுக்கெல்லாம் அத்தாட்சி கேக்குற மனுஷர், மைனர் மீனை மேஜர்னு நம்பிட்டாரு என்று இன்றும் விருந்தினரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, முழுதாக வளர்ந்தால் இது எவ்வளவு பெரிதாகும் என்பது. இரண்டாவது, யாரைக் கடிக்கும் என்பது.

செய்யவேண்டியது இது. தொட்டியில் நீர் நிரப்பி, குளோரின் நீக்கும் மருந்து விட்டு, மீனில்லாமலே ஃபில்டரை ஐந்து வாரம் ஓட்டு. தினமும் ஒரு சிட்டிகைத் தீவனம் மட்டும் போடு. அது அழுகி, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் குடியேற வேண்டும். நீரைச் சோதித்து, அம்மோனியா, நைட்ரைட் என்ற நஞ்சுகள் இரண்டும் பூச்சியம் என்று வந்தபிறகே ஆறு ஜீப்ரா மீன்களை விடு; உருவம் சிறிது, உயிர் கெட்டி, கூட்டமாக வைத்தால் வம்புக்குப் போகாது. இரண்டு வாரம் கழித்து பிளாட்டி மூன்று, மூன்றும் பெண்ணாக. அப்படியும் ஒன்று வயிற்றில் குஞ்சோடு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. கடைசியில் அடித்தரையை மேயும் கோரி மீன் ஆறு. உன் இரண்டடித் தொட்டிக்கு இதுவே எல்லை. பட்டியலை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், அதில் நீ கோடு போடாதே. அவளைக் கடைக்கு அழைத்துப் போய்ப் பேனாவை அவள் கையில் கொடு, அந்த இரண்டு கேள்வியையும் அவள் கேட்கட்டும், பெயர்களை அடிப்பதும் அவளாக இருக்கட்டும். ஐந்து வாரம் வெறும் தண்ணீர்தான் என்பதை மட்டும் நீ சொல்; தாத்தா வேணாம்னுட்டாரு என்று என் தலையில் கட்டாதே. கோபித்துக்கொள்வாள், கொள்ளட்டும். விருந்தாளியிடம் எந்தக் குழந்தையும் கோபிப்பதில்லை.

பட்டியலின் பின்பக்கத்தை நீ பார்த்தாயா, தெரியவில்லை. பென்சிலில் சிறிதாக, இதுல எதுவும் சீக்கிரம் செத்துப்போகாதுல்ல என்று எழுதியிருக்கிறாள். உன்னிடம் தந்த தாளில் இருப்பதால், கேள்வி உனக்கு என்றே கொள்கிறேன். நாற்பது ஆண்டுத் தொழிலில் நான் எவருக்கும் ஜாமீன் நின்றதில்லை; உன் சித்தப்பா கேட்டும் நிற்கவில்லை. இந்த ஆறு ஜீப்ராக்களுக்கு நிற்கிறேன். மேற்கண்டபடி பராமரித்தால் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் இருக்கும் என்று அவள் பெயருக்குத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். அதற்குப்பின் முதுமை வரும், அதை எவராலும் தடுக்க இயலாது என்பதையும் மறைக்கவில்லை, மறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். என் கையெழுத்துக்குக் கீழே உனக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

மூவரும் ஒற்றுமையாக, நோய்நொடியின்றி நெடுநாள் வாழ அம்மாவும் நானும் ஆசி கூறுகிறோம். நினைவிருக்கட்டும்: முழுவதும் படித்துப் பார்த்து, சம்மதமானால், அவள் பார்க்கக் கையெழுத்திடு.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
அப்பா