நோயாளிகள் பட்டியலில் உன் பெயர்

நேற்று குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கிய பஸ்ஸில் ஒரு படம் ஓடியது. மகளைப் பறிகொடுத்த ஒருத்தி, ஏதோ ஒரு மலைக்கோயிலுக்குத் தனியாக நடந்தே போகிறாள். நாள் கணக்கில் நடந்த பிறகும் அவள் பாதம் கழுவித் துடைத்தது போல இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பாய்: "ஏட்டி, இவளுக்கு ஒரு கொப்புளம்கூட வரலியே! பாதி தூரம் ஜீப்புல போயிருப்பா." எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்டு கடைசியில் குமுளிப் பக்கத்து ஆனைக்கரையிலிருந்து நாம் வேளாங்கண்ணிக்கு நடப்போமே, காவி உடுத்தி, மாதா சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, நாற்பது பேர். தினமும் காலையில் கிளம்புமுன் சப்பரத்து மைக்கில் மன்றாட்டு நோட்டைப் படிக்க வேண்டும். முதலில் நோயாளிகளின் பெயர்கள், பிறகு இறந்தவர்களின் பெயர்கள். நம் எஸ்டேட் ஆட்களில் டிகிரி முடித்தவள் நான் என்பதால் நோட்டு எழுதுவது என் வேலை. படிப்பது உன் வேலை. மைக் என் பக்கம் வந்தாலே நான் தலையைக் குனிந்துகொள்வேன். "அது கடிக்காதுடி" என்று சொல்லிக்கொண்டே நீ பிடுங்கிக்கொள்வாய்.

உன் ரத்தத்தில் நோய் கண்ட வருடம், உன் பெயரையும் நீயேதான் படித்தாய். "அடுத்தது நான்தான். கொஞ்சம் சத்தமா மன்றாடுங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தவக்காலத்தில் நீ போய்விட்டாய்.

போன வருடம் நோட்டுப் பக்கங்கள் நைந்துபோனதால் புது நோட்டில் எல்லாவற்றையும் நகலெடுத்தேன். ஏலக்காய்க் கடையில் பில் எழுதி எழுதிப் பழகிய கை. யோசிக்காமல் எழுதிக்கொண்டே போனது. முதல் நாள் காலை குழுத் தலைவரான ஜீப் மாமா படித்தபோதுதான் தெரிந்தது. நோயாளிகள் பட்டியலில் ஆறாவதாக உன் பெயர். அவர் திணறினார். ஆனால் பழக்கத்தில் நாற்பது பேரும் பதில் சொல்லிவிட்டார்கள்: 'குணமாக்கும் ஆண்டவரே.'

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பேனாவை எடுத்துப் பெயரை அடித்துவிடப் போனேன். உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அழிக்காத. அங்க போய்ச் சேர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்குல்லா. அதுவரைக்கும் எம் மக நோயாளியாவே வரட்டும்."

தேனி தாண்டி, திண்டுக்கல் தாண்டி, தஞ்சாவூர் வெயிலில் தார் உருகிய ரோட்டிலும், காலைதோறும் நீ குணமாக வேண்டுமென்று மன்றாடினோம். உன் அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். தப்பு என்னுடையது. அந்தத் தப்பில்தான் அவர் நடந்துகொண்டிருந்தார்.

நாகப்பட்டினம் தாண்டி, கடைசி நாள் காலையில் அவரே வந்தார்.

"இன்னைக்கு அவ பேர மாத்திப் படி. நீதான் படிக்கணும். வேற யார் வாயில இருந்தும் அது எனக்கு வேண்டாம்."

"அத்தை, எனக்கு மைக்ல..."

"தெரியும். படி."

ஜீப் மாமா மைக்கைக் கொடுத்தார். "டிகிரிக்காரி பேசப் போறா. எல்லாரும் காதத் துடைச்சிக்கோங்கப்பா." ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ஐந்தாவதுக்குப் பிறகு ஏழாவதைப் படித்தேன். இறந்தவர்கள் பட்டியலின் கடைசியில் உன் பெயரைச் சொன்னேன், முழுப்பெயராக, வீட்டுப்பெயரோடு. ஸ்பீக்கரில் அது வேறு யாரோ சொன்னது போல இருந்தது. முதலில் 'நித்திய இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே' என்று பதில் சொன்ன குரல் உன் அம்மாவுடையது. நடக்கத் தொடங்கியதும் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "கணீர்னு இருந்துச்சு."

இந்த வருடமும் நடக்கப் போகிறேன். எழுதுவதும் நான்தான், படிப்பதும் நான்தான். மைக்கைக் கண்டால் இன்னும் தலை தானாகக் குனிகிறது. குனியட்டும். ஐந்தாவது பெயருக்குப் பிறகு மூச்சு ஒரு இடத்தில் நிற்கும் என்பதும் தெரியும். அங்கே நின்றுவிட மாட்டேன். அடுத்த பெயர்க்காரர் உயிரோடு இருக்கிறார். அவருக்காகச் சத்தமாகப் படிக்க வேண்டும்.