பட்டன் போனோடு இருக்கும் தம்பி எழுதுவது

என் கோபத்தை எல்லாம் பொறுத்துக்கொண்ட ஒரே ஆளான அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. நீ போன அன்றைக்குப் பிறகு சிதம்பரத்தில் உன் வீட்டுப் படியை நான் மிதித்தது இரண்டே தரம். கருமாதிக்கு ஒரு தரம், தலை திவசத்துக்கு ஒரு தரம். சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பாய். கருமாதியில் சாப்பிடவில்லை. திவசத்தன்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், அவளுக்காகவாவது ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அதனால் சாப்பிட்டேன்.

உனக்கு ஒரு சேதி. நான் ஸ்மார்ட்போனை விட்டுவிட்டேன். இப்போது சட்டைப் பையில் இருப்பது பட்டன் போன். பேசலாம், எஸ்.எம்.எஸ். வரும், டார்ச் அடிக்கலாம். நீ அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் பழைய போனுக்குள் இருக்கின்றன. அணைத்து பீரோவில் வைத்தது வைத்ததுதான், இன்னும் எடுக்கவில்லை. கஷ்டமாக இருக்கிறதா? இருக்கிறது. எடுத்துவிட்டால் நான் பழைய ஆளாகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஊரில் போன் இல்லாமல் இருப்பது சின்ன வேலை இல்லை அக்கா. கடலூர் பக்கம் குடிகாட்டில் என் கம்பெனி லேபில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். நான் கைபிடித்து டைட்ரேஷன் சொல்லிக்கொடுத்த பையன் இப்போது எனக்கு மேனேஜர். எம்.எஸ்ஸி. முடித்த எனக்கு வராத நாற்காலி அவனுக்கு வந்த கதையை உன்னிடம் நூறு தரம் புலம்பியிருக்கிறேன். நூற்றியோராவது தரம் வேண்டாம். ஷிப்ட் மாறினால் அவன் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போடுவான்.

"சார், உங்க ஒருத்தருக்காகத் தனியா யாரு சார் கூப்டுக்கிட்டு இருக்கறது?"

"கூப்பிட வேணாம். நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க."

"நோட்டீஸ் போர்டா? அதுல இன்னும் போன தீபாவளி வாழ்த்தே தொங்குது சார்."

"அதைக் கிழிச்சிட்டு ஒட்டுங்க."

ஒட்டவில்லை. தினமும் சாயங்காலம் அவன் அறை வாசலில் போய் நின்று, "நாளைக்கு எனக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்டேன். மூன்று வாரம் கேட்டேன். நாலாவது வாரம் தாள் ஒட்டப்பட்டிருந்தது. இப்போது அதை நான் மட்டும் பார்ப்பதில்லை, பாய்லர் பிரிவு ஆட்களும் வந்து பார்க்கிறார்கள். இந்தக் கம்பெனியில் நான் ஜெயித்த ஒரே சண்டை அதுதான்.

வீட்டில் அப்படி ஜெயிக்க முடியவில்லை. உன் தம்பி பெண்டாட்டியின் நாக்கு உனக்குத் தெரியாதா? ஒருநாள் தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள் சுமதி. "கரண்ட் பில்லு கட்றது நானு. கேஸ் புக்கிங் நானு. பொண்ணு ஸ்கூல் குரூப்பு நானு. எல்லாத்தையும் என் போன்ல தள்ளிட்டு நீங்க மட்டும் சாமியாரா?"

அவள் சொன்னது நியாயம். போனை விடுகிறேன் என்று அவள் போனில் வாழ்ந்துகொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து மின்வாரிய வரிசையில் நான் நிற்கிறேன். மகள் பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒரு தரம் நேரில் போய் டீச்சரைப் பார்க்கிறேன். முதல் தடவை என்னவோ புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று அந்தம்மா பயந்துபோனார்கள்.

ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. "எங்க அக்கா செத்த சேதியை எனக்கு குரூப்புல போட்டாங்க. ஒரு மனுஷன் வந்து சொல்லலை. அன்னைக்கே வெறுத்துப்போச்சு." கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கும் உன் வீட்டார்மேல் இருக்கும் கோபம் ஒரு சுற்று பெருக்கும். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுமதியிடம்கூட.

அன்று காலை நீ கிணற்றடியில் விழுந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உன் மகள் நிவேதா அழுகையோடு சேதியைக் குடும்ப குரூப்பில் போட்டாள். அப்போது நான் கம்பெனி கேட்டில் நிற்கிறேன். ரசாயனத் தொழிற்சாலை என்பதால் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் குரூப்பைத் திறந்தேன். அறுபதோ எழுபதோ சேதி சேர்ந்திருப்பதாக எண் காட்டியது. பூப்போட்ட காலை வணக்கங்கள், நம் பெரியப்பா மகன் ரவி தினமும் அனுப்பும் வீடியோக்கள். ரவியோடு எனக்கு நாலு மாதமாகப் பேச்சில்லை. எரிச்சலோடு கட்டைவிரலால் கடகடவென்று தள்ளினேன். எண் மறைந்தது. மூடிவிட்டு, போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

அந்தக் குவியலுக்குள் நீ இருந்தாய்.

நிவேதா தன் சேதியை யார் யார் படித்தார்கள் என்று தட்டிப் பார்த்திருக்கிறாள். என் பெயர் இருந்தது. "மாமா பாத்துட்டாரு, கெளம்பியிருப்பாரு" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். பிறகு கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை என்றால், பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது என்றுதானே நினைப்பார்கள்? தாலியோடு போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் பாடை எழும்பக் கூடாது. உடன்பிறந்தவன் கையால் போர்த்த வேண்டிய சேலை. நாலு மணிவரை எனக்காக உன்னை வைத்திருந்தார்கள். அதற்குமேல் முடியாமல், ரவி ஓடிப்போய் மேலவீதியில் ஒரு சேலை வாங்கிவந்து, என் இடத்தில் நின்று உனக்குப் போர்த்தினான்.

ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து போனை வாங்கினேன். பதினோரு தவறிய அழைப்புகள். நான் சிதம்பரம் வந்து சேர்ந்தபோது உன் வீட்டை அலம்பிவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ரவி, "காலைலயே படிச்சிட்டு இப்ப வந்து என்னடா அழுவுற?" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு மெசேஜே வரலை. குடிகாட்டுல டவர் கெடையாது. ஒரு ஆளு அனுப்பிச் சொல்ல உங்களுக்குத் துப்பு இல்லையா?" என்று கத்தினேன். அந்தப் பொய்யின்மேல்தான் இந்த ஒரு வருஷத்துக் கோபத்தைக் கட்டிவைத்திருந்தேன்.

போன மாதம் நிவேதாவின் கல்யாணப் பத்திரிகை சுமதியின் போனுக்குப் படமாக வந்தது. எனக்குக் கொதித்துவிட்டது. "தாய்மாமனுக்குப் பத்திரிகை போட்டோவுலயா? நேர்ல வந்து தட்டு வெச்சாத்தான் வருவேன்னு சொல்லிடு" என்றேன். சுமதி அதை அப்படியே சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நிவேதாவே வந்தாள், தனியாக. கையில் வெற்றிலை பாக்கோடு தட்டு. உட்காரச் சொன்னேன்.

"உக்கார வரலை மாமா. ஒரு கேள்வி இருக்கு. உண்மையைச் சொன்னீங்கன்னா தட்டை வெக்கிறேன். இல்லன்னா எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

"கேளும்மா."

"அன்னைக்கு என் மெசேஜைப் படிச்சீங்களா, இல்லையா?"

டவர் கிடையாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவள் உன்னைப் போலவே இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். சுமதி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தொறந்தேம்மா. படிக்கலை. அந்த நம்பர் மறையணும்னு சும்மா தள்ளிவிட்டேன். உன் மெசேஜ் அதுக்குள்ள இருந்துச்சு. என் கையாலதான் தள்ளினேன்."

"இதைச் சொல்லவா மாமா ஒரு வருஷம்?" என்றாள்.

"எப்படிம்மா சொல்றது? என்கிட்ட போனும்..."

"போன் இல்லன்னா? கடலூர்லேருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஓடலையா? அப்பா தெனம் வாசல்ல சேரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. போனை விட்டீங்க, சரி. எங்கள எதுக்கு மாமா விட்டீங்க?"

அக்கா, மேசைமேல் கிடந்த செய்தித்தாளை நானே எடுத்து ஒதுக்கினேன்.

தட்டை மேசைமேல் வைத்தாள். சுமதி கொடுத்த காபியைக் குடித்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "டவர் இல்லன்னு நீங்க சொன்னது பொய்யின்னு ரவி மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும்" என்றாள்.

அவள் போன பிறகு சுமதி, "இனிமேலாவது அந்தப் போனை எடுத்து வெச்சுக்கோங்களேன், வீண் பொல்லாப்பு எதுக்கு?" என்றாள். நன்றாக யோசித்தேன். மாட்டேன். மனிதர்கள் பேசுவதையும் குப்பையையும் ஒரே வேகத்தில் தள்ளப் பழகிய கை இது. அதை நம்பி இன்னொரு தரம் அந்தச் சாமானைக் கொடுக்க முடியாது. ஆனால் போன் இல்லாதவன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் தன்னைத் தேடி வரட்டும் என்று சொல்லக் கூடாது. அவன்தான் போக வேண்டும். மற்றவர்களைவிட ஜாஸ்தி போக வேண்டும். இத்தனை நாள் நான் செய்தது வைராக்கியம் இல்லை, ஒளிந்துகொண்டிருந்தேன்.

இதை எல்லோரும் படிக்கும்படி ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுவதும் அதற்காகத்தான். யாராவது படம் பிடித்து அந்த குரூப்பில் போடுவார்கள். போடட்டும். ஆனால் ரவி இதை அங்கே படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இது அச்சாவதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே பரங்கிப்பேட்டைக்குப் போகிறேன். அவன் டைல்ஸ் கடை திறக்கிற நேரத்துக்கு வாசலில் நிற்பேன். பொய் சொன்னேன் என்பேன். என் அக்காவை வெறுமனே அனுப்பாமல் காப்பாற்றினாய் என்பேன். அவன் திட்டுவான். அவன் வாய் மோசம், அதில் என் கருத்து மாறவில்லை. திட்டி முடிக்கும்வரை நிற்பேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். பந்தக்கால் நடுவதிலிருந்து இலை எடுப்பதுவரை என்ன வேலை சொன்னாலும் செய்வேன். கல்யாணம் முடிந்த பிறகு அந்த வீட்டில் மாமா தனி ஆள். மாதத்தில் இரண்டு ஞாயிறு பஸ் ஏறி வந்து அவர் பக்கத்தில் உட்காருவேன். பேச ஒன்றும் இல்லை என்றாலும் உட்காருவேன். யாரும் கூப்பிட வேண்டாம், சேதி அனுப்ப வேண்டாம். இது உன்னிடம் சொல்கிற வாக்கு. தவறினால் நிவேதா கேட்பாள், அவள் கேட்கும் லட்சணம் உனக்குத்தான் தெரியுமே.

இப்படிக்கு,
உனக்கு அடுத்துப் பிறந்த,
அன்று வந்து சேராத, இனி வந்துகொண்டே இருக்கப்போகிற தம்பி.