கிழக்கால் போகச் சொன்னது நான்தான்

பாகூர்,
தை 9, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அர்ச்சனாவுக்கு அம்மா எழுதுவது. முதலில் மன்னித்துக்கொள், போன தடவை நான் எழுதிய நான்கு வரி உங்கள் படகை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று தெரிந்த பிறகும் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம், நீயும் உன்னோடு வரும் ஏழு பெண்களும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும். நீங்கள் மொரீஷியஸ் கரையேறி ஆறு நாள் ஆகிறது, ஒரு தடவைகூட நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் காகிதம். உங்கள் கரை வேலைகளைப் பார்க்கும் ஜெயசீலன் சார் ஞாயிற்றுக்கிழமை படகுக்குப் புதுப் பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறாராம், அவர் தங்கை வீடு வில்லியனூரில்தான், நாளைக்கு பஸ் ஏறிப் போய் இதை அங்கே கொடுத்துவிட்டு வருவேன்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை இல்லை என்று அரியூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், போனையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சிவக்காமல் என்ன செய்யும் என்று டாக்டர் கேட்டாராம். பாய்மரப் படகுப் போட்டிக்கு நீ கொச்சியில் கிளம்பியதிலிருந்து அவர் கையில் அந்த வரைபடம்தான், பதினோரு படகும் பதினோரு புள்ளி, உங்களுடையது ஆரஞ்சு. முதல் வாரம் முழுக்க என் உயிரை எடுத்துவிட்டார், "இன்னாமே இது, கோணக்கோணையா போவுது, ஏர் புடிச்சவன் இப்படி ஓட்டுனா ஊரே சிரிக்கும்" என்று. எதிர்க்காற்றில் பாய்மரப் படகு அப்படித்தான் போகும் என்று நீ என்.சி.சி.யில் பழகியபோது சொன்னதை நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். களை எடுக்க வரும் சின்னபொண்ணு அவருக்கு மேல். உங்கள் புள்ளி நகராமல் கிடந்த அன்றைக்கு வரப்பில் நின்றுகொண்டு, "இன்னாக்கா, ஒம் பொண்ணு படகு பஞ்சரா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் உங்களுக்கு முன்னால் போன மூன்று புள்ளியும் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. அப்பா காலையிலிருந்து பார்த்தவர், அங்கே காற்று செத்துவிட்டது என்று கண்டுபிடித்தார். உங்கள் படகு நேராக அதற்குள்தான் போய்க்கொண்டிருந்தது. "தெரிஞ்சும் சொல்லாம குந்தினு இருக்கியே, நீ படிச்சவதானே, எழுதுமே" என்றார். உனக்கே தெரியும், ஏரி மதகு திறந்தால் முதலில் பார்த்தவர்கள் கீழே நிலம் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் போன் போட வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கும் போட வேண்டும். பார்த்தும் சொல்லாதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நம் பக்கம் யாரும் போக மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான், வாரத்துக்கு ஐந்து வரி நலம் விசாரிக்க என்று கொடுத்திருந்த படகு மெயிலில் எழுதினேன். முன்னால் போன மூன்றும் நின்றுவிட்டன, அங்கே காற்று இல்லை, கிழக்கால் சுற்றிப் போங்கள், அப்பா சொல்கிறார் என்று. வெளியிலிருந்து எந்த உதவியும் கூடாது என்ற விதித்தாளை நான் படித்தவள்தான். ஏழாம் பக்கத்தில் காற்று பற்றியும் வழி பற்றியும் சொல்லக் கூடாது என்று இருந்தது, படித்த ஞாபகம்கூட இருக்கிறது. கயிறு கட்டிப் படகை இழுத்துப் போனால்தான் உதவி, கண்ணால் பார்த்ததைச் சொல்வது எப்படி உதவியாகும் என்று தாண்டிப் போய்விட்டேன்.

பிறகு நடந்ததை ஜெயசீலன் சார்தான் போனில் சொன்னார். உங்கள் கேப்டன் மேடம் அன்று ராத்திரி தாமாகவே கிழக்கால் திரும்ப இருந்தாராம். என் மெயிலைப் பார்த்ததும் போட்டிக் குழுவுக்குத் தாமே தெரிவித்துவிட்டு, இனித் திரும்பினால் அது வெளியாள் சொன்ன வழி என்று நேராகவே போகச் சொன்னாராம். முப்பது மணி நேரம் பாய் தொங்கிக் கிடந்தீர்கள். பின்னால் வந்த நான்கு படகும் கிழக்கால் சுற்றிப் போய்விட்டன, நான்காவதாக இருந்த நீங்கள் எட்டாவதாகக் கரையேறினீர்கள். நாங்கள் சொன்னதால்தான் உங்களால் அதைச் செய்ய முடியாமல் போனது என்று கேட்டதும் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இரண்டு நாள் வரைபடத்தைத் திறக்கவில்லை. அவரிடமும் கோபம், அந்த ஏழாம் பக்கத்தின் மேலும் கோபம், என் மேல் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி வாங்கியவள் நான், கிராமசபைக் கூட்டத்தில்கூட எழுந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாழ்நாளில் ஒரே தடவை வாய் திறந்தேன், அது உன் தலையில் போய் விழுந்தது.

ஆனால் இதையெல்லாம்விட என்னை எரிய வைப்பது நீ செய்த காரியம். போட்டிக் குழு எச்சரிக்கையோடு விட்டுவிட்டதாம். கேப்டன் உன்னைக் கூப்பிட்டு, இந்த மெயில் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். ஜெயசீலன் சார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான்தான் கேட்டு வாங்கினேன், எங்கம்மா மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாம்மா. மேடம் அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்கல." புதன்கிழமை அங்கிருந்து கிளம்பும் போட்டியின் கடைசிக் கட்டத்துக்கு உன் இடத்தில், மாற்று ஆளாகக் கரையில் காத்திருந்த கோவாப் பெண் ஏறப்போகிறாளாம். நீ எப்போது கேட்டாய்? யாருக்காக அந்தப் பொய்? உன் அம்மாவை ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டுக்காரி என்று ஏழு பேர் சொல்லிவிடுவார்கள் என்றா? சொல்லட்டுமே, அதனால் எனக்கு என்ன குறைந்துவிடும்? மூன்று வருஷம் கை காய்த்துப் போகக் கயிறு இழுத்துப் பெற்ற இடத்தை என் மானத்துக்காக விட்டுக்கொடுக்க நான் உன்னிடம் கேட்டேனா? என்னைக் காப்பாற்றிவிட்டதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டி எழுதுகிறேன் என்று கிழித்துப் போட்டுவிடாதே. பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், பொட்டலத்தை இதோடு கொடுக்கிறேன், எட்டுப் பேரும் சாப்பிடுங்கள். உள்ளங்கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவு, உப்புத் தண்ணீரில் அழுத்தித் தேய்க்காதே. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, இன்னும் பெயர் வைக்கவில்லை. பாகூர் மூலநாதர் உனக்குத் துணை இருப்பார், நீ நன்றாக இரு, நினைத்தது உன் கைக்கு வரட்டும்.

இனி நான் கேட்க வந்தது. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்தக் கடிதத்தை நீ வைத்துக்கொள்ளாதே, அப்படியே உங்கள் கேப்டன் மேடம் கையில் கொடு, புதன்கிழமைக்கு முன்னால் கொடு. நீ கேட்கவில்லை, நானாக எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதற்காகவே முழுப் பெயர் போட்டுக் கையெழுத்து வைக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஜெயசீலன் சார் படித்துச் சொல்லட்டும். நீ படித்துக் காட்டாதே, எனக்கு ஆகாத வரிகளை நீ விட்டுவிடுவாய்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சி. விஜயகுமாரி, பி.காம்.,
க/பெ. சிவப்பிரகாசம்,
பாகூர்.