சைலன்சருக்குள் இருந்த குழாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கை டோகாவிலை சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி? அம்மாவுக்குப் பிறசர் குறைஞ்சிட்டுதோ?

உப்புக்காத்திலை கறள் பிடிச்சதெண்டு சைலன்சருக்குள்ளை இருந்த குழாயை ஏனப்பா வெட்டி எறிஞ்சனீங்கள்? புகை தாராளமாய்ப் போனால் மோட்டச்சைக்கிள் பறக்குமெண்டு புளியங்கூடலிலை ஆர் சொன்னது? அந்த எஞ்சினுக்கெண்டே அளவு பாத்து வைச்ச குழாய் அது. அது இல்லாட்டில் மெல்ல ஓடேக்கை இழுவை இராது. வெங்காய மூட்டையோடை பண்ணைப் பாலத்திலை எதிர்காத்துக்கு நிண்டுபோச்செண்டு பிறகு எனக்கு ஃபோனிலை ஏச்சு! பத்து வருசமாய் மோட்டச்சைக்கிள் திருத்திறவன் நான். வெட்ட முதல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன கிழமை நான் வேலை செய்யிற மோட்டச்சைக்கிள் கராச்சிலை சூடான சைலன்சர் என்ரை வலக்கையிலை பட்டிட்டுது. சின்னக் கொப்புளந்தான். இடக்கையாலை எழுதுறன், எழுத்தைப் பாத்துச் சிரிக்காதேங்கோ. அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்.

என்னோடை அறையிலை இருக்கிற லவன் அண்ணை லீவிலை ஊருக்கு வாறார், அவரிட்டை இந்தக் கடிதத்தோடை புதுக்குழாயும் குடுத்துவிடுறன். எயாப்போட்டுக்குப் போற வான் வந்திட்டுதெண்டு அவர் கத்துறார். கடைசியாய் ஒண்டு, குழாயைப் பூட்ட முதல் மோட்டச்சைக்கிளை முத்தத்திலை ஸ்ராட் பண்ணி, சத்தத்தை ஃபோனிலை பதிஞ்சு அனுப்புங்கோ. அம்மா பக்கத்திலை நிண்டு உங்களை ஏசுறதும் அதிலை விழட்டும். பழுது பாக்கத்தான், வேறை ஒண்டுக்குமில்லை.

உங்கடை மகன்,
ஜதுர்சன்