கடைக் கொப்பியில் என் வீடு

பெப்ரவரி 6, ஞாயிறு

விடியத் தூறல். உம்மாவும் நானும் படங்குச் சீலையை இழுத்துக் கிடுகுக் கட்டுகளை மூடினோம். வாவியில் ஊறப்போட்ட ஓலையின் நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. சோறு தின்னும்போதும் அதுதான்.

வாப்பாவுக்கு இங்கிலீசில் ஒரு கடிதம். வருமான வரிக் கந்தோரிலிருந்து. தபால்கந்தோரில் வாசித்துச் சொன்னார்களாம். போன வருடம் கடைக்கு என்ன வந்தது, என்ன போனது, எல்லாம் காட்ட வேண்டும். இந்த மாதத்துக்குள்.

வாப்பா கடைக் கொப்பியை என் முன்னால் போட்டார். "நீதானே எழுதின? நீயே காட்டு."

பெரியபுள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டினார்கள். ஐந்தாம் வகுப்போடு சரி. அதிலிருந்து கடைக் கொப்பி என் கையில். யாரும் கேட்டு எழுதவில்லை. சும்மா இருக்கிறாள், எழுதட்டும் என்று விட்டதுதான்.

கூரை மேய்கிற தென்னோலைக் கிடுகும் கம்பும் விற்கிற கடை. வாப்பாவும் அவர் தம்பி, என் சாச்சாவும் சேர்ந்து தொடங்கியது. சாச்சா தோணியை விற்றுப் பாதி முதல் போட்டார். கம்புக்குக் கரடியனாற்றுக் காட்டுக்கு வண்டியோடு போகிறவரும் அவர்தான். வெள்ளைக்காரப் பட்டாளக் கேம்ப் வந்த பிறகு யாவாரம் நல்லம். அவர்களுடைய கொட்டில்களுக்கெல்லாம் எங்கள் கிடுகு.

என் வீட்டுக்கு அத்திவாரம் போட்டதும் அதற்குப் பிறகுதான். பெரிய வீடு கலியாணத்தோடு, வழக்கப்படி, மூத்தவள் ராத்தாவின் பேருக்குப் போய்விட்டது. வாப்பா, உம்மா, நான் இப்போது அதன் பின்னறையில். எனக்குப் பக்கத்து வளவில் எழும்புகிறது. சுவர் முடிந்தது. ஓடு வந்து அடுக்கிக் கிடக்கிறது. ஓடு போட்டதும் மாமியின் மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு.

தலையிடி. படுக்கிறேன்.

பெப்ரவரி 8, செவ்வாய்

தன்னாமுனையிலிருந்து கிளாக்கர் ஐயா வந்தார். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கணக்குச் செய்து கொடுத்தால் கூலி. முன்னறையில் வாப்பாவும் அவரும். நான் திரைக்கு இந்தப்பக்கம், தேங்காய் துருவிக்கொண்டு. துருவல் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பிறகு துருவுவதை விட்டுவிட்டேன்.

"காக்கா, கிடுகுக் கடைக்கு எதுக்குச் செங்கல்?"

"அது மகள்ட வூடு."

"வீடு கடைச் செலவில வராது."

"ஏன் வராது? கடை எதுக்கு? பொம்புளப் புள்ளைக்கு வூடு கட்டத்தானே கடை?"

கிளாக்கர் சிரித்தார். "எனக்கு விளங்குது. கந்தோரில இரிக்கிற துரைக்கு விளங்காது." செங்கலை வெட்டி ஒரு கோடு.

பிறகு கோடு மேல் கோடு. ராத்தாவின் பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று அறுத்த ஆடு: கோடு. வீட்டு அரிசி: கோடு. பெருநாள் உடுப்பு: கோடு.

"ஏழைகளுக்குக் குடுத்த சக்காத்துமா?"

"நல்ல காரியம் காக்கா. ஆனா கடைச் செலவில்ல. முதல் லாபம் எவ்வளவெண்டு பாக்கணும். அதுக்குப் பிறகு நீங்க குடுக்கிற."

"அப்ப என்னத்தைத்தான் செலவெண்டு எடுக்கிற?"

"கடைக்காகப் போனது மட்டும்."

ஓலை விலை, இழைக்கிற பொம்பிளைகளின் கூலி, வண்டிக் கூலி, கயிறு, படங்கு. இவ்வளவுதான் மிஞ்சியது. கொப்பியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் மணிமணியாக எழுதியது.

போகும்போது திரையைப் பார்த்துச் சொன்னார்: "உள்ளுக்கு எழுதுற புள்ளைக்குச் சொல்லுங்க. ரெண்டு கொப்பி. ஒண்டு கடைக்கு, ஒண்டு வீட்டுக்கு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான்தான் எழுதுகிறேன் என்று எப்படித் தெரியும்?

பெப்ரவரி 9, புதன்

நாள் முழுக்கப் பிரித்து எழுதினேன். முதுகு முறிகிறது. விரலில் மை.

மறக்காமல் இருக்க, கிளாக்கர் ஐயா சொன்னது:
கடன் வியாபாரமும் வரவு. கேம்ப் இன்னும் காசு தராவிட்டாலும் எழுத வேண்டும். (வாப்பா: "கைக்கு வராத காசுக்கும் கணக்கா!")
விற்காமல் கிடக்கும் கிடுகு செலவு அல்ல. எண்ணி, வாங்கிய விலையில் தனியாகக் காட்ட வேண்டும்.
கடைச் சாமானை வீட்டுக்கு எடுத்தால் அதுவும் எடுத்தவர் கணக்கில். கோழிக்கூட்டுக்கு எடுத்த கிடுகு = வாப்பா எடுத்தது.
ரசீதுத் துண்டு கிழிக்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது. வாங்கக் கூடாது.

கிடுகு எண்ண சாச்சா வந்தார். பாதியில் கிடுகு இழைக்கிற சுலைகா உம்மாவோடு பகிடி விட்டு எண்ணிக்கையை மறந்தார். மறுகா முதலிலிருந்து. சுலைகா உம்மா, "உனக்கு எண்ணத் தெரியாதெண்டுதான் உன்ட பொண்டாட்டி மூணு பெடியனோட நிப்பாட்டினா" என்றாள். சாச்சா சிரித்துச் சிரித்துக் கிடுகுக் கட்டின்மேல் இருந்துவிட்டார்.

வீட்டுக் கொப்பியின் முதல் பக்கம் என் வீடு. செங்கல், சுண்ணாம்பு, மரம், மேசன், ஓடு. கூட்டவில்லை. பயம்.

பெப்ரவரி 12, சனி

கிளாக்கர் ஐயா கூட்டிவிட்டார்.

செலவிலிருந்து வீட்டைக் கழற்றியதும் லாபம் வாப்பா நினைத்ததைவிட எவ்வளவோ கூட. வரி வரும் என்றார். எவ்வளவு என்றும் சொன்னார்.  வாப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ்வளவு குடுத்தா ஓடுகள மேல ஏத்த மேசனுக்குக் கூலியில்ல ஐயா. கலியாணப் பேச்சு..."

"கடை உங்கட மட்டுமா? பங்காளி ஆரும் இரிக்கா?"

உம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். போன கிழமைகூட வாப்பா எங்களிடம் சொன்னது "கடை என்ட" என்றுதான்.

கிளாக்கர் விளங்கப்படுத்தினார். ரெண்டு பேருடைய கடை என்றால் லாபம் ரெண்டாகப் பிரியும். ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குக்குத்தான் வரி. இந்தக் கணக்கில் பாதி பாதி என்றால் ஒருவருக்கும் வரியளவுக்கு எட்டாது.

வாப்பாவின் குரல் உடனே மாறிவிட்டது. "தம்பி இரிக்கான்! பாதிப் பங்கு. ஊருக்கே தெரியும்."

"அப்ப அவர் கையெழுத்து வேணும்."

அவர் போனதும் வாப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடையில் எனக்குப் பாதிப் பங்கு. போன வருட லாபத்தில் பாதியை நான் பெற்றுக்கொண்டேன்.

பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கை நின்றது. கொப்பி முழுக்க எனக்குத் தெரியும். சாச்சா எடுத்தது அரிசிக் காசு, மகனின் காய்ச்சலுக்கு மருந்துக் காசு, உடுக்க இரண்டு சாரம். மற்றதெல்லாம் சுவராக நிற்கிறது.

"எழுது" என்றார் வாப்பா. எழுதினேன்.

பெப்ரவரி 13, ஞாயிறு

வெயில். வேலிக் கடப்பால் சாச்சி வீட்டுக்குப் போனேன், முக்காட்டை இழுத்துவிட்டு. வாப்பா தானே போயிருக்கலாம். என்னை அனுப்பினார்.

சாச்சா கோடரிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். சாச்சி நெல் குத்திக்கொண்டிருந்தாள்.

"என்னகா கடிதம்? கலியாணக் கடிதமா?"

"வாப்பா கையெழுத்துக் கேட்டாரு."

"வாசி. எனக்குக் கண்ணு பத்தாது."

வாசித்தேன். கடைசி வரியை மெதுவாக. சாச்சி உலக்கையைச் சாத்திவிட்டாள்.

சாச்சா பகிடி விடவில்லை. "நீதானே புள்ள கொப்பி எழுதுற. நான் வாங்கினனா?"

 வேலியில் ஒரு ஓணான். அதையே பார்த்தேன்.

"இல்ல சாச்சா."

"எவ்வளவு வரும்?"

சொன்னேன்.

"கேட்டீங்களா?" என்றாள் சாச்சி. "ரெண்டு வருசமா கூலி வண்டியில காட்டுக்குப் போறீங்க. சொந்தமா வண்டியும் மாடும் வாங்கப் போறன், வாங்கப் போறன் எண்டு..."

"சும்மா இரு." என்னைப் பார்த்து, "அப்ப பாதி வூடு என்ட. எனக்கு நடு அறையத் தா. பெடியனுகள் பொண்டாட்டிமார்ட வூட்டுக்குப் போன பிறகு நானும் சாச்சியும் வந்து இரிக்கிறம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

பென்சில் என்னிடம் இருந்தது. அந்த வரியை வெட்டினேன். "பாதிப் பங்கு எனக்கு உண்டு. எடுத்ததுபோக மீதி கடை எனக்குத் தர வேண்டும்" என்று எழுதினேன். அவர் கேட்கவில்லை. நான்தான். மறுகா வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். கோணல் கையெழுத்து.

கடிதத்தை முக்காட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு கடப்பைத் தாண்டினேன்.

பெப்ரவரி 15, செவ்வாய்

"உன்ன ஆரு மாத்தச் சொன்ன?"

 வாப்பா என்னை அடிக்கிறவர் அல்ல. அடித்திருந்தால் முடிந்திருக்கும்.

"உன்ட வூட்டுக்குத்தானே எடுத்தன்? நானா தின்ன? அவனுக்குப் பொம்புளப் புள்ள இல்ல. இரிந்தா நான் பாத்துக்கிட்டா இரிப்பன்?"

அதுவும் உண்மைதான். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செல்வன் மீன். செதில் என் கால்வரை தெறித்தது.

பின்னேரம் கிளாக்கர் ஐயா. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கையெழுத்துப் போட்டால் போதும், இதுவே நல்லம் என்றார். பங்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கந்தோருக்கு ஒன்றுதான். பங்கு பங்குதான். வரி வராது.

"அப்ப பெற்றுக்கொண்டேன் எண்டு எழுதவே தேவையில்லையா?"

"தேவையே இல்ல காக்கா."

வாப்பா தலையைச் சொறிந்தார். "கவுண்மேந்துக்கிட்ட தப்பி வந்து வூட்டுக்குள்ள மாட்டிக்கிட்டன்."

கிளாக்கர் மட்டும் சிரித்தார். கூலி வாங்கிக்கொண்டு போனார். அதற்குத் துண்டு எழுதினேன். கடைச் செலவு.

பெப்ரவரி 17, வியாழன்

வாப்பா என்னோடு பேச்சில்லை. சோற்றுக் கோப்பையை உம்மாவிடம்தான் கேட்கிறார். கிடுகு வண்டி ஒன்று கேம்புக்குப் போனது. பின்னேரம் மழை. என் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, கூரை இல்லாததால். ராத்தாவின் மகன் அதில் கடதாசித் தோணி விட்டான்.

கண் எரிகிறது. எழுத மனமில்லை.

பெப்ரவரி 18, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு ஏறாவூரிலிருந்து இரண்டு வண்டி வந்தது. வாப்பா என் வீட்டு ஓடுகளை விற்றுவிட்டார். என்னிடமோ உம்மாவிடமோ சொல்லவில்லை. ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். அடுக்கிக் கிடந்த இடத்தில் மஞ்சள் புல்லும் அட்டைகளும்.

ஓட்டுக் காசை சாச்சாவிடம் கொடுத்தார், கடை வாசலில். சாச்சா எண்ணாமல் மடியில் வைத்தாராம். சாச்சி வாங்கி எண்ணினாளாம். பாதிதான் தீர்ந்தது. மீதி மாதாமாதம் வாப்பாவின் பங்கிலிருந்து கழிய வேண்டும்.

அஸருக்குப் பிறகு மாமி வந்தாள். வாப்பாவின் சொந்தத் தங்கச்சி. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காக்கா, ஓட்டு வூடெண்டுதானே பேசின?"

"இப்போதைக்குக் கிடுகால மேயலாம்."

"கிடுகுக்காரன்ட மகள் எண்டு தெரிஞ்சுதான் கேட்டன். அதுக்காக மருமகனுக்குக் கேம்புக் கொட்டிலா குடுக்கப் போறீங்க?"

தேத்தண்ணி குடித்தாள். என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். மகனிடம் கேட்டுச் சொல்லுகிறேன் என்று போனாள். எப்போது என்று சொல்லவில்லை.

உம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சாச்சாக்கிட்ட நீ இல்லெண்டு சொல்லும்போது இது தெரியுமா உனக்கு?"

"தெரியும் உம்மா."

தெரியுமா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பெப்ரவரி 19, சனி

கிடுகுக்காரிகளுக்குக் கூலி நாள். சுலைகா உம்மா துண்டில் பெருவிரல் வைக்க மாட்டேன் என்று சண்டை. "இத்தினை வருசமும் துண்டா தந்த? என்னைக் கள்ளி எண்டா?" பிறகு வைத்தாள். வைத்த மையை என் சட்டையிலேயே துடைத்தாள்.

பகல் சோற்றுக்குப் பிறகு வாப்பா வந்தார். நாலு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஓட்டுக் காசு எழுதினியா?"

"எழுதிட்டன்."

"எந்தப் பக்கம்?"

"உங்களுக்கு வரவு. சாச்சாவுக்குக் குடுத்தது."

கொப்பியை வாங்கிப் பார்த்தார். வாசிக்க அவ்வளவு தெரியாது. இலக்கம் தெரியும். விரலால் மேலிருந்து கீழே வந்தார். "இந்த மாசம் எனக்கு இன்னும் எவ்வளவு எடுக்கலாம்?"

"ஒண்டுமில்ல வாப்பா. எடுத்து முடிஞ்சி."

"சரி."

போய்விட்டார். நான் கடைக் காசுப் பெட்டியைப் பூட்டித் திறப்பை முக்காட்டு நுனியில் முடிந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றார். மேசன் வந்து கேட்கிறானாம், நாளைக்குக் கூரையில் கிடுகு மேய வரிச்சுச் சட்டம் அடிக்கலாமா என்று. ஆணிக்கு மூன்று ரூபா வேண்டும்.

பெட்டியில் காசு இருந்தது. அவருக்கும் தெரியும்.

"அடுத்த மாசம் வாப்பா" என்றேன்.

நின்றார். பிறகு மேசனிடம் போய் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்வது கேட்டது.