அன்றைய இரண்டாவது வெடி

என் குணா மச்சானுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்தவர்கள் நாம். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் படியிறங்கி வந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அதை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன்னைப் பற்றிய பொய் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உண்மையும் அத்தனை பேருக்கும் தெரியட்டும்.

என் தங்கை வசந்தி சுகமாக இருக்கிறாள். உன் மகள் கார் ஓடப் பழகுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பயப்பட நீ இல்லையென்று சொல்லிச் சிரிக்கிறாள், பிறகு அழுகிறாள்.

தை மாதம் ஹன்ஸ்ருவேடி தொலைபேசி எடுத்தான். உங்கள் வேட்டைக் குழுவில் மூத்தவன் அவன். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் கூடி, பழைய வேட்டைப் படங்களை மேசையில் பரப்பிக் கதைப்பார்களே, அதற்கு என்னைக் கூப்பிட்டான். "குணாவின் படங்களையும் கொண்டு வா. அவனை நினைக்காமல் இந்த வருடக் கூட்டத்தை நடத்த முடியாது" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஊலியும் வருகிறான்" என்றான்.

அந்தப் பெயரைக் கேட்டதும் வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். படிக்கிறவர்களுக்கு ஏனென்று தெரியாது, மச்சான். நீ கொஞ்சம் பொறுத்துக்கொள், நான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

2009 தொடக்கத்தில் ஒட்டுசுட்டானில் உன் வீடு போரில் போனது. வீட்டோடு அல்பங்களும் போயின. உன் அப்பு இடியன் என்ற நாட்டுத் துவக்கும் கையுமாக, காலடியில் பன்றியோடு நிற்கும் படத்தைப் பற்றி எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பாய்? அதன் பிறகு நீ யாரோடும் கதைக்காமல் போனாய். மரவேலைத் தளத்தில் உன்னோடு ஒரே இயந்திரத்தில் நின்றவன் ஊலி. உன்னைவிடப் பத்து வயது மூத்தவன், அதிகம் பேசாதவன். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை அவன் உன் வாசலில் காரை நிறுத்தி, "காட்டுக்குப் போகிறோம், சப்பாத்தைப் போடு" என்றான். பின் சீட்டில் அவனுடைய வேட்டை நாய் ஆஸ்டா இருந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் முதல் தடவையாக நீ வசந்தியிடம் சாப்பாடு கேட்டாய்.

இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவன் இங்கே துவக்கைத் தொட முடியாது. நீ சுவிஸ் குடியுரிமை எடுத்தாய், வேட்டைப் பரீட்சை எழுதினாய், சொந்தத் துவக்கு வாங்கினாய். நான் இலங்கைப் பாஸ்போட்டோடுதான் இருந்தேன். ஆகவே துவக்கில்லாமல் பற்றைக்குள் நடந்து, சத்தம் போட்டு மான்களைக் கலைத்துவிடும் வேலை எனக்கு. அதற்கே சந்தோஷமாக வருவேன்.

நாலு வருடத்துக்கு முன் அந்த நாளும் அப்படித்தான் வந்தேன்.

எமென்டால் காட்டில் ஐம்பதடிக்கு அப்பால் தெரியாத பனிமூட்டம். ஒன்பது மணியளவில் நீ ஒரு கடா மானைச் சுட்டாய். அது சரிவில் உருண்டு ஓடைக்குள் விழுந்தது. நீ தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துவக்கை மரத்தில் சாய்த்தாய். தோட்டாப் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாய்.

"தேவன், இதில நில்லு. நான் இழுத்துக்கொண்டு வாறன். துவக்கைத் தொட்டுப்போடாதை, என்ன?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் தொட்டேன். எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். பதினேழு வயதுக்குப் பிறகு என் தோளில் துவக்கு படவில்லை. பிறகு பையைத் திறந்து ஒரு தோட்டாவைப் போட்டேன். ஏன் போட்டேன்? இந்த நாலு வருடமாக இதற்கு ஒரு நல்ல பதில் தேடுகிறேன், கிடைக்கவில்லை. போட வேண்டும்போல் இருந்தது, போட்டேன். அப்போது மூட்டத்துக்குள் மண்ணிறமாக ஒன்று தாழ்ந்து ஓடி வந்தது. சுட்டேன்.

மான் அப்படிக் கத்தாது. சத்தம் கேட்ட உடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

நீ சரிவில் விழுந்தெழும்பி ஓடி வந்தாய். ஆஸ்டாவைப் பார்த்தாய், என் கையைப் பார்த்தாய், துவக்கைப் பறித்தாய்.

"உன்ர குடியுரிமைப் பைல் இப்ப எங்க கிடக்குது?"

"கெமைண்டே அலுவலகத்தில. அடுத்த மாசம் நேர்முகம்."

"அப்ப நீ துவக்கைத் தொடேல்லை. விளங்குதோ? நான்தான் சுட்டனான்."

"மச்சான், நான் சொல்லுறன்..."

"வாயை மூடு. பிள்ளையளை நினை. ஊலி வாறான்."

ஊலி வந்து ஈரமண்ணில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் எடுத்து வைத்தான். அதன் காதுகளைத் தடவினான். பிறகு, "குணா, நீ ஏன் பார்க்கவில்லை?" என்று மட்டும் கேட்டான். நீ தலையைக் குனிந்தாய். நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

அத்தோடு அன்றைய வேட்டை முடிந்தது. உன் வேட்டை அனுமதியை எடுத்துக்கொண்டார்கள். குழுவும் உன்னை விலக்கியது. அதையெல்லாம் நீ தாங்கியிருப்பாய். ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டுமே. அதே இயந்திரம், அதே ஊலி. பலகையின் ஒரு முனையை அவன் பிடிக்க மறு முனையை நீ பிடித்து, மூன்று வருடம், ஒரு காலை வணக்கம்கூட இல்லாமல். வசந்தியும் விடவில்லை. "வன்னியோட விட்ட துவக்கை இஞ்சயும் ஏன் தூக்கினீங்கள்? ஆராவது மனுசர் செத்திருந்தா?" என்று என் முன்னாலேயே உன்னை ஏசினாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். நானும் அதே மேசையில் இருந்து அவள் சமைத்த நண்டுக்கறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சுவிஸின் சிவப்புப் பாஸ்போட் வந்த அன்று நீதான் முதலில் கட்டிப்பிடித்தாய். இனிச் சொல்லலாம் என்று அன்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டேன். பிறகு உன் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாய். நான் வாய் திறப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா, மச்சான்?

ஊலி உன் செத்தவீட்டுக்கு வரவில்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வசந்தி உன் படங்களை ஒரு அல்பத்தில் அடுக்கித் தந்தாள். உணவகத்தின் பின் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். படங்கள் கைமாறின. பனிக்குள் புதைந்த காரைத் தள்ளும் படம், முதல் நரியோடு நீ நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் படம். மலைக்குடிசையில் நீ மான் ஈரலைச் செத்தல் மிளகாயோடு வறுத்தபோது எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடியதை ஹன்ஸ்ருவேடி நடித்துக் காட்டினான். சிரிக்காதவன் ஊலி ஒருவன்தான். எனக்கு நேரெதிரே இருந்தான். உன் படம் வந்தால் பார்க்காமல் கவிழ்த்து அடுத்தவனிடம் கொடுத்தான்.

என் பக்கத்தில் ஹன்ஸ்ருவேடியின் மனைவி மார்கிரிட். அவள் ஒரு உறையைத் திறந்தாள். "பழைய கமராவுக்குள் கிடந்தவை. இந்தக் கிழமைதான் படமாக எடுப்பித்தேன்" என்று ஒவ்வொன்றாக எனக்குத் தந்தாள். மூன்றாவது படத்தில் என் கை நின்றுவிட்டது.

ஓடைக்கரையில் நீ. இரண்டு கைகளாலும் மானின் முன்னங்கால்களைப் பிடித்திருக்கிறாய். உன் தோளில் துவக்கில்லை. தலையைத் திருப்பி மேலே சரிவைப் பார்க்கிறாய்.

"நான் பாதையால் சூப் கொண்டு வந்த நாள் அது" என்றாள் மார்கிரிட் மெதுவாக. "படமெடுக்கப் பொத்தானை அமத்தவும் மேலே வெடி கேட்டது. பார், எப்படித் திடுக்கிட்டிருக்கிறான் என்று."

தான் என்ன சொல்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாய் எங்கே செத்தது, எப்போது செத்தது என்றெல்லாம் அவள் கேட்டவளில்லை. அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். நான் அந்தப் படத்தை உன் அல்பத்தின் மட்டைக்குள் சொருகினேன். யாரும் பார்க்கவில்லை. நாலு வருடப் பழக்கம், கை தானாகவே செய்தது. வெளியே போகும்போது கிழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். உனக்கு எதையும் மறைக்கப் போவதில்லை.

அப்போது ஊலி எழுந்து நின்றான். அவன் ஒருநாளும் கூட்டத்தில் எழுந்து பேசியவனில்லை.

"நான் குணாவின் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை" என்றான். "அது என்னை அரிக்கிறது. ஒரு நாய்க்காக மூன்று வருடம் ஒரு மனிதனோடு பேசாமல் இருந்தேன். பிழை எல்லோருக்கும் வரும். இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன், நான் அவனை மன்னித்துவிட்டேன்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். யாரோ உன் பெயரைச் சொல்லிக் கிளாசை உயர்த்தினார்கள். மார்கிரிட் கண்ணைத் துடைத்தாள். என் கிளாசும் பாதி உயர்ந்திருந்தது.

அவன் உன்னைத் திட்டியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன், மச்சான். நீ செய்யாத பிழைக்கு உன்னை மன்னித்துவிட்டு அவன் நிம்மதியாக உட்காரப் போனான். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அல்பத்திலிருந்து படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

ஊலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். மார்கிரிட்டிடம் எங்கே, எப்போது என்று கேட்டான். அவள் எனக்குச் சொன்னதையே சொன்னாள்.

"மான் காலடியில் கிடக்கிறது. அப்படியானால் முதல் வெடி முடிந்துவிட்டது" என்றான். "அன்று இரண்டே இரண்டு வெடிதான் கேட்டது."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான்" என்றேன். "அவன் எனக்காகச் சொன்னான். அவன் துவக்கைக் காலியாக்கித்தான் வைத்துவிட்டுப் போனான். தோட்டா போட்டதும் நான், சுட்டதும் நான்."

ஊலி ஒன்றே ஒன்று கேட்டான். "அவன் சாகும்போது நான் இன்னும் கோபமாக இருப்பதாகத்தான் நினைத்தானா?"

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவனுக்கு விளங்கியது. மேலங்கியைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டான். ஹன்ஸ்ருவேடி படங்களைச் சேர்த்து அடுக்கத் தொடங்கினான்.

அங்கிருந்து நேரே வசந்தியிடம் போனேன். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னேன். அவள் கையில் தேயிலைப் பேணி இருந்தது. அதை மெதுவாக மூடினாள்.

"ஆஸ்பத்திரியில நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள், அண்ணா. என்னையும் வெளியில அனுப்பிப்போட்டு இருந்தனீங்கள். அப்பவாவது சொல்லியிருக்கலாம்தானே?"

"பயமா இருந்தது."

"ஆருக்கு? அந்த மனுசனுக்கோ? அது சாகக் கிடந்தது."

கதவைச் சாத்திவிட்டாள். ஐந்து வாரம் தொலைபேசி எடுக்கவில்லை. அந்த இடைவெளியில் வேட்டை அலுவலகத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதி, உன் பெயரிலுள்ள குற்றத்தை நீக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். எனக்கு என்ன வரும் என்று தெரியாது. பாஸ்போட்டைத் திருப்பிக் கேட்பார்களோ? பதில் இன்னும் வரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். என் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன். மூத்தவன் என் முகத்தைப் பார்த்துக் கதைக்க இரண்டு நாள் எடுத்தது.

பிறகு வசந்தி எடுத்தாள். "ஊலி வந்து வாசலில நிண்டவர். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறன். நீங்களும் வாங்கோ. நான் தமிழிலதான் கதைக்கப்போறன். நீங்கள்தான் அதை ஜெர்மனில சொல்லவேணும்."

வேலைக்குப் போதுமான ஜெர்மன் அவளிடம் இருக்கிறது. இதற்கு அது போதாது.

போன சனிக்கிழமை ஊலி உன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். சோற்றைத் தொடாமல், "உன் தங்கையிடம் கேள். அவள் கணவனுக்கு நான் மூன்று வருடம் முகம் கொடுக்கவில்லை. அவளால் என்னை மன்னிக்க முடியுமா?" என்றான். நான் தமிழில் சொன்னேன்.

வசந்தி அவனைப் பார்த்தே பதில் சொன்னாள். "நீங்கள் தெரியாமல் செய்தனீங்கள். அவருக்கு உங்களில கோவம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை. சொல்லுங்கோ அண்ணா."

சொன்னேன். ஊலி கண்ணை மூடிக்கொண்டான்.

"இவர் எல்லாம் தெரிஞ்சுகொண்டு, நான் என்ர மனுசனை ஏசேக்க பக்கத்தில இருந்து சாப்பிட்டவர். இவரை நான் இன்னும் மன்னிக்கேல்லை. மன்னிப்பனோ எண்டும் தெரியாது. அதையும் சொல்லுங்கோ."

ஊலி கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியை விழுங்கியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது. வசந்திக்கும் தெரிந்திருக்காது. நான் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன், மச்சான். சாப்பிட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

ஊலி தலையை ஆட்டினான். வசந்தி எழும்பி அவன் கோப்பைக்குச் சோறு போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் என் கோப்பைக்கும் போட்டாள்.

உன் மகளுக்கு இன்னும் தெரியாது. வசந்தியைச் சொல்ல விடமாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மகளை முன்னால் இருத்தி நானே சொல்லுவேன். அவள் எத்தனை தரம் கேட்டாலும், எந்த வயதில் கேட்டாலும், முதலிலிருந்து முழுவதையும் சொல்லுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்து, இப்போது வெளியே வந்து நிற்கும்
உன் வசந்தியின் அண்ணன், உன் மச்சான்
தேவன்