திரும்பிப் பார்க்காமல் வந்தவர்

அம்மா,

பக்கத்து வீட்டுத் தம்பி புதுக் கார் வாங்கியிருக்கிறான். காலையில் முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு, படையல் சோற்றையும் கோழிக்குழம்பையும் பொட்டலமாகக் கொண்டுவந்தான். "அங்கிள், சாமி சோறு லா. சூடா இருக்கு, சாப்பிடுங்க." பிரித்ததும் குழம்பு வாசனைக்குள் இருந்து சுருட்டு வாசனை வந்தது. படையலுக்குப் பக்கத்தில் கொளுத்தி வைத்திருப்பார்கள். எனக்குக் கை சோற்றில் போகவில்லை. பாக்கார் ஆராங்கில், மகள் வீட்டில், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். இது உனக்கு வந்து சேராது என்று உன்னைப் போலவே எனக்கும் தெரியும். வேறு யாரிடம் சொல்வது?

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்களே, அது நம்மை உள்ளே அடைத்தது, முனியாண்டியை வெளியே விட்டுவிட்டது. காட்டோரத்தில் ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான் அவர். காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களை வேலிவாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம், ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. "நமக்காச்சும் அளந்து குடுக்கிறானுங்க. முனிதான் பாவம், சுத்தப் பட்டினி" என்று அப்பா சிரிப்பார்.

அந்த வருடம்தான் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மீசை அரும்பின வயசு. அப்பாவோடு பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். நீ முனிக்கு நேர்ந்துகொண்டாய். நான் எழுந்து உட்கார்ந்த மறுநாள் அப்பா நேர்த்தியைச் செலுத்தப் போனார். சோறு கொண்டுபோக முடியாது, சுருட்டையும் எலுமிச்சையையும் இடுப்பில் முடிந்துகொண்டார். வைத்துவிட்டு வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நேர்த்தி செல்லாது, விட்ட காய்ச்சல் பிள்ளைக்குத் திரும்ப வரும் என்பது நம் வழக்கம். நீயும் வாசலில் நின்று சொன்னாய்: "என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதீங்க."

வேலிவாசலில் நிற்கும் மலாய்க்காரக் காவலர்தான் வந்து சொன்னார். நல்ல மனுஷன், நம்மைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். காட்டோரத்தில் ஒருத்தர் நடந்துபோவதைப் பார்த்து, பட்டாளத்துக்காரர்கள் பின்னாலிருந்து நில் நில் என்று கத்தினார்களாம். அவர் திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தாராம். சுட்டுவிட்டார்களாம். "கூப்பிட்டாங்க அக்கா, ஏன் திரும்பல?" என்று கேட்டார்.

மாலையில் உடலைக் கொண்டுவந்து போட்டார்கள். தோட்டத்துப் பூசாரி வந்து உன் எதிரில் குந்தினார். "எங்கயோ திரும்பியிருப்பான் தாயி. இல்லாட்டி முனி கைவிட்டிருக்குமா?" அவர் ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதுவரை அழுதுகொண்டிருந்த நீ நிறுத்திவிட்டாய். "முதுகுல பட்டிருக்கு பூசாரி. வந்து பாருங்க" என்றாய். அவர் வந்து பார்க்கவில்லை.

அதோடு சரி. கூச்சல் போடவில்லை, படத்தை உடைக்கவில்லை. சாமி மாடத்தில் உப்பு ஜாடியும் காய்ந்த மிளகாயும் ஏறின. காமாட்சி விளக்கு அடுப்படிக்கு வந்தது; அந்த வெளிச்சத்தில் கருவாடு அலசினாய். லயத்துப் பெண்கள் பயந்தார்கள். "சாமிகிட்ட கோவிச்சுக்கிட்டு எத்தன நாளைக்குடி இருப்ப?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லாதவங்க மேல எப்படிக் கோவிக்கிறது? எனக்கு அலுப்பா இருக்கு, தூங்க விடுங்க" என்றாய்.

நான் உன்னைப் போல ஒரே நாளில் விடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் துடைத்துவிடுவேன். உனக்குத் தெரியும், கேட்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கால்வலி என்று போகவில்லை. அடுத்த வாரம் கால்வலி இல்லை, அப்போதும் போகவில்லை. எதுவும் நடக்கவில்லை. பெரிய விடுதலை என்று சில பேர் சொல்கிறார்கள். எனக்கு அப்படியெல்லாம் இல்லை அம்மா. எல்லாரும் எழுந்துபோன பந்தியில் தனியாக உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. அப்பாவைக் கொன்றது காய்ச்சலுமில்லை, சாமியுமில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல் போனது. அதைத் தாங்கிக்கொள்ள யாரும் துணைக்கு இல்லை, நீயும் நானும்தான். நீதான் ஓயாமல் சொல்வாய்: "யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாருடா. அதுதான் எனக்கு வேணும்."

நீ போனபோது சொந்தக்காரர்கள் விடவில்லை. "தேவாரம் இல்லாம எப்படிப்பா அனுப்புறது?" என்றார்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை, பாடிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நீயும் அதைத்தான் செய்திருப்பாய். சுங்கைப் பட்டாணிச் சுடுகாட்டில் குடத்தை உடைத்தேன். கொள்ளி வைத்ததும் அங்கிருந்த பெரியவர் என் தோளைத் தொட்டார். "நேராப் போங்க தம்பி. திரும்பிப் பாக்கக் கூடாது."

கொஞ்ச தூரம் நடந்தேன். நின்றேன். திரும்பினேன்.

பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். நீ எரிந்துகொண்டிருந்தாய். சிதையருகே உன்னைத் தவிர யாரும் இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இதை எழுதி முடிக்கும் முன்பே பொட்டலத்துச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டேன், ஆறிப்போயிருந்தது. சோற்றை வீணாக்கினால் உனக்குப் பிடிக்காது. சாயங்காலம் கடைக்கு நடப்பேன். வழியில் யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். என்னை இல்லை என்று தெரிந்தாலும் நின்று திரும்பிவிடுகிறேன் அம்மா.